ஏலத்தில் விட்ட குடிநீர்: நெல்லைச் சீமைப் பேரூராட்சி ஒன்றின் பொது–தனியார் ஒப்பந்தம் குறித்த நிகழ்வு ஆய்வு

இதில் வரும் பேரூராட்சி, ஒப்பந்ததாரர், அலுவலர்கள் யாருடைய பெயரையும் குறிப்பிடவில்லை. அரசுப் பொறியியல் பணியிலிருந்து ஓய்வு பெற்று ஊர் திரும்பியவன் நான். இந்த விவகாரத்துக்குள் முதலில் தண்ணீர் பிடிக்க வரிசையில் நின்றவனாகத்தான் வந்தேன். பிறகு பேரூராட்சி மன்றம் அமைத்த ஐவர் ஆய்வுக் குழுவில் ஒருவனானேன். சிறிய ஊர், உப்புத் தண்ணீரைக் குடிநீராக்கும் சிறிய இயந்திரம், அதைத் தனியார் ஒருவர் நடத்தப் பத்து ஆண்டு ஒப்பந்தம். ஆனால் பெரிய சாலைக்கும் துறைமுகத்துக்கும் போடும் ஒப்பந்தங்களில் எவையெல்லாம் பிசகுமோ, அவை அத்தனையும் இங்கேயும் பிசகின. அளவு சிறியது என்பதால் ஒவ்வொன்றையும் கிட்டத்தில் நின்று பார்க்க முடிந்தது.

ஊரும் தண்ணீரும்

தாமிரபரணி என்றதும் நெல்லைச் சீமை முழுவதும் நெல்லும் வாழையுமாகக் கிடப்பதாக வெளியூர்க்காரர்கள் நினைக்கிறார்கள். கோடைமேலழகியானில் தொடங்கி ஸ்ரீவைகுண்டம் வரையுள்ள எட்டு அணைக்கட்டுகளின் கால்வாய்கள் பாயும் இடங்களுக்கு அது பொருந்தும். தெற்கே நாங்குநேரி, இராதாபுரம் பக்கம் இறங்கினால் வானம் பார்த்த பூமி. செம்மண், உடைமரம், பனை. மேற்கே மலை கண்ணுக்குத் தெரியும். அதன் மழை இந்தப் பக்கம் எட்டுவதில்லை.

எங்கள் ஊரில் சுமார் 3,000 வீடுகள். கிணற்றிலும் ஆழ்துளையிலும் கிடைப்பது உப்புத் தண்ணீர். பாத்திரம் காய்ந்தால் உள்ளே வெள்ளையாகப் படியும். குடிக்கவும் சமைக்கவும் வேண்டிய நல்ல தண்ணீர், ஆற்றிலிருந்து கூட்டுக் குடிநீர்த் திட்டக் குழாயில் எட்டு நாளைக்கு ஒருமுறை இரண்டு மணி நேரம் வரும். இடைப்பட்ட நாட்களில் 20 லிட்டர் கேனை 30 ரூபாய் கொடுத்து வாங்க வேண்டும். கூலி வேலைக்குப் போகும் ஐந்து பேர் குடும்பத்தில் மாதம் 600 ரூபாய்க்கு மேல் இதற்கே போய்விடும்.

ஒப்பந்தம் உருவான விதம், 2018

தமிழ்நாட்டின் உள்ளாட்சி மன்றங்களின் பதவிக்காலம் 2016 அக்டோபரில் முடிந்தது. நகர்ப்புற உள்ளாட்சிகளுக்கு அடுத்த தேர்தல் 2022 பிப்ரவரியில்தான் நடந்தது. இடையில் ஐந்து ஆண்டுகளுக்கு மேல் எங்கள் பேரூராட்சியில் மன்றம் கிடையாது. செயல் அலுவலரே தனி அலுவலராகவும் இருந்தார். முன்மொழிந்தவர், ஒப்புதல் அளித்தவர், கையெழுத்திட்டவர் எல்லாம் ஒரே நபர். அவர் நேர்மையானவர் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. ஊருக்கு நல்ல தண்ணீர் தர வேண்டும் என்று உண்மையாகவே விரும்பினார். பேரூராட்சியிடம் பணம் இல்லை என்பதால் தனியாரை நாடினார்.

திட்டம் எளிமையானது. பஸ் நிலையத்தை ஒட்டிய 3 சென்ட் இடம், ஆழ்துளைக் கிணறு, மின் இணைப்பு ஆகியவை பேரூராட்சியுடையவை. உப்பு நீரைச் சவ்வின் வழியே அழுத்தி மணிக்கு 1,000 லிட்டர் சுத்திகரிக்கும் ஆர்.ஓ. இயந்திரம், கட்டடம், தொட்டி எல்லாம் தனியார் செலவு. ஏறத்தாழ 18 லட்சம் ரூபாய். பத்து ஆண்டு நடத்திவிட்டு ஒப்படைக்க வேண்டும். 20 லிட்டர் தண்ணீர் 5 ரூபாய்.

பிழை இதற்கு அடுத்த வரியில் இருக்கிறது. ஒப்பந்தப்புள்ளி கோரியபோது அலுவலகத்தில் கையிருப்பில் இருந்தது வாரச் சந்தைச் சுங்கம், பஸ் நிலையக் கட்டணக் கழிப்பறை, குளத்து மீன் பாசி ஆகியவற்றை ஏலம் விடும் பழைய படிவம். அதையே திருத்திப் பயன்படுத்தினார்கள். ஆகவே தேர்வுக்கான அளவுகோலும் சந்தைக் குத்தகையின் அளவுகோலாகவே அமைந்தது: பேரூராட்சிக்கு ஆண்டு வாடகை யார் அதிகம் தருகிறாரோ அவருக்கே ஒப்பந்தம். மூன்று பேர் போட்டியிட்டார்கள். இரண்டாமவர் கேட்டது 1,50,000 ரூபாய். வென்றவர் கேட்டது 2,40,000. இவர் பக்கத்து வட்டத்தில் ஆழ்துளைக் கிணறு தோண்டும் தொழிலில் இருந்தவர். பேரூராட்சிக்கு வருமானம் கூடியது என்று அன்று எல்லோருக்கும் மகிழ்ச்சி.

அந்தப் படிவத்திலிருந்து இன்னும் இரண்டு வரிகள் அப்படியே வந்து சேர்ந்தன. ஒன்று: “தரமான குடிநீர் வழங்கப்பட வேண்டும்.” எண் எதுவும் இல்லை. மற்றொன்று: “தகராறு ஏற்படின் செயல் அலுவலரின் முடிவே இறுதியானது.” விலை எப்போது, எப்படி உயரும் என்று ஒரு சொல்லும் இல்லை.

2018 முதல் 2021 வரை

முதல் இரண்டு ஆண்டுகள் நன்றாகவே நடந்தது. சைக்கிளில் இரண்டு பக்கமும் கேன் கட்டிக்கொண்டு பிள்ளைகள் வருவார்கள். தண்ணீர் இனித்தது என்று பெண்கள் சொன்னார்கள்.

2020 பிப்ரவரியில், உரிமம் இல்லாமல் நிலத்தடி நீர் எடுக்கும் கேன் தண்ணீர் ஆலைகளை மூடும்படி சென்னை உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது. ஆலைக்காரர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். எங்கள் வட்டாரத்திலும் கேன் வரத்து குறைந்தது. அதுவரை கேன் வாங்கிக்கொண்டிருந்த வீடுகளும் ஐந்து ரூபாய்த் தண்ணீருக்கு வந்தன. வந்தவை திரும்பிப் போகவில்லை. நாளைக்கு 300 கேன் என்றிருந்த விற்பனை 450 ஆனது. இயந்திரம் மட்டும் அதே இயந்திரம்.

2021 ஆவணி மாதம் எங்கள் தெரு ஆச்சி ஒருவர் என்னிடம் வந்து, “தம்பி, இந்தத் தண்ணீரில் பருப்பு வேகவில்லையே, நீங்கள் என்ஜினீயர்தானே, என்னவென்று பாருங்கள்” என்றார். நான் முதலில் பருப்பைத்தான் சந்தேகித்தேன். அவர் விடவில்லை. ஒரே பருப்பு, ஒரே குக்கர்; காலையில் பிடித்த தண்ணீரில் மூன்று விசிலில் வேகிறது, இரவு பிடித்ததில் ஆறு விசில் வந்தும் நறுக்கென்று நிற்கிறது என்றார். கடினத்தன்மை மிகுந்த நீரில் பருப்பு எளிதில் வேகாது. கால்சியமும் மக்னீசியமும் பருப்பின் செல்களை ஒட்டவைக்கும் பெக்டினை இறுக்கிவிடும். இந்த வழக்கின் முதல் அளவுக்கருவி அந்த ஆச்சியின் குக்கர்தான். அதை எந்த அறிக்கையிலும் எழுத முடியவில்லை என்ற குறை எனக்கு இருந்தது, இங்கே எழுதிவிட்டேன்.

ஒன்பது நாள் அளவீடு

பேனா போன்ற டி.டி.எஸ். மீட்டர் ஒன்றை வாங்கினேன். நீரில் கரைந்திருக்கும் உப்புகளின் மொத்த அளவை, லிட்டருக்கு இத்தனை மில்லிகிராம் என்று தோராயமாகக் காட்டும் கருவி அது. ஒன்பது நாள், காலை 6 மணி, நண்பகல், இரவு 7 மணி என்று மூன்று வேளையும் எல்லோரையும் போலக் கேனில் பிடித்து, வீட்டுக்கு வந்து அளந்தேன்.

காலையிலும் நண்பகலிலும் 120 முதல் 140. இரவு 860 முதல் 940. ஒன்பது நாளும் இதே கதை. ஆழ்துளைக் கிணற்றின் நேரடி நீர் 2,100. கணக்குப் போட்டால், இரவில் வரும் ஒவ்வொரு பத்து லிட்டரிலும் ஏறக்குறைய நான்கு லிட்டர் சுத்திகரிக்காத கிணற்று நீர்.

பத்தாம் நாள் நிலையத்துக்கு உள்ளே போனேன். வேலையில் இருந்த இளைஞர் மறைக்கவில்லை. சுத்திகரித்த நீர் உப்பே இல்லாமல் சப்பென்று போகாமலிருக்கச் சிறிதளவு நேரடி நீர் கலப்பதற்கென ஒரு வால்வு இருக்கும். அதன் சிவப்புக் கைப்பிடியில் பெயிண்ட் தேய்ந்து இரும்பு மினுமினுத்தது. “அண்ணாச்சி, ஆறு மணிக்கு மேல் வரிசை பஸ் நிலைய வாசல் வரை போகிறது. தண்ணீர் இல்லை என்று சொன்னால் என்னைத்தான் திட்டுகிறார்கள். முதலாளிக்குப் போன் செய்தால், சமாளி என்கிறார்” என்றார்.

அவரைக் குற்றம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. மாலை ஐந்தரைக்கும் எட்டரைக்கும் இடையில் 270 கேன் போகிறது. அதாவது 5,400 லிட்டர். அந்த மூன்று மணி நேரத்தில் இயந்திரம் தருவது 3,000. தொட்டியில் இருப்பு 1,000. மீதி 1,400 லிட்டர் எங்கிருந்தாவது வந்தாக வேண்டும். வால்விலிருந்து வந்தது.

ஒப்பந்ததாரரைச் சந்தித்தபோது, பெரிய தொட்டி ஏன் வைக்கவில்லை என்று கேட்டேன். அவர் நோட்டைத் திறந்து காட்டினார். ஆண்டு வரவு 8,20,000 ரூபாய் அளவில். சம்பளம் 2,40,000. மின்சாரம் 90,000. சவ்வு, வடிகட்டி, பழுது 80,000. போட்ட முதலுக்கு வட்டியும் தேய்மானமும் 2,90,000. வாடகை 2,40,000. கூட்டினால் 9,40,000. ஆண்டுக்கு 1,20,000 நட்டம். வாடகை மட்டும் இல்லையென்றால் அதே அளவு இலாபம். ஏழைக் குடும்பம் கொடுக்கும் ஐந்து ரூபாயில் ஏறத்தாழ ஒன்றரை ரூபாய் வாடகையாகப் பேரூராட்சிக்கே திரும்பிப் போய்க்கொண்டிருந்தது. ஏலத்தில் அதிகம் கேட்டது அவர் பேராசைதான். ஆனால் அப்படிக் கேட்டவரே வெல்லும்படி ஏலத்தை அமைத்தது யார்?

தூத்துக்குடி எனக்கு நினைவுக்கு வந்தது. 1986 வரை அதுவும் திருநெல்வேலி மாவட்டம்தான். அங்கே துறைமுகத்தின் 7-ஆவது தளத்தில் கன்டெய்னர் முனையம் நடத்த 1998-இல் ஒரு தனியார் நிறுவனத்துக்கு 30 ஆண்டு உரிமம் தரப்பட்டது. கன்டெய்னர் ஒன்றுக்கு இவ்வளவு என்று ஆண்டுதோறும் உயரும் ராயல்டியைத் துறைமுகத்துக்குக் கட்ட வேண்டும். வாடிக்கையாளரிடம் வாங்கும் கட்டணத்தை முடிவு செய்ததோ, 1997-இல் அமைந்த பெருந்துறைமுகக் கட்டண ஆணையம். அது ராயல்டியை முழுச் செலவாக ஏற்கவில்லை. இரண்டுக்கும் நடுவில் நிறுவனம் நட்டத்தில் சிக்கியது. ராயல்டியை வருவாய்ப் பங்காக மாற்றக் கோரி நடுவர்களிடம் போய் வென்றது. ஆனால் ஒரு தரப்பு ஒப்புக்கொள்ளாத புதிய ஒப்பந்தத்தை நடுவர்கள் எழுதித் தர முடியாது என்று 2021 ஜூலையில் உச்ச நீதிமன்றம் முடிவு கூறியது. கோடிக்கணக்கில் நடந்த அந்த வழக்கும் எங்கள் ஊர்த் தண்ணீர்க் கொட்டகையும் ஒரே முடிச்சில் மாட்டியவை: அரசுக்கு யார் அதிகம் தருவார் என்று பார்த்து ஆளைத் தேர்ந்தெடுத்துவிட்டு, மக்களிடம் வாங்கும் விலையை வேறு கணக்கில் கட்டிவைப்பது. துறைமுகத்துக்காவது ஒரு கட்டண ஆணையம் இருந்தது.

யாரிடம் முறையிடுவது

மின்சாரத்துக்குத் தமிழ்நாட்டில் 1999 முதல் ஒழுங்குமுறை ஆணையம் இருக்கிறது. விலை உயர்வென்றால் பொது விசாரணை உண்டு. எவரும் போய் எதிர்க்கலாம். தண்ணீருக்கு அப்படி ஒன்று இங்கே கிடையாது. மகாராஷ்டிரத்தில் 2005 முதல் நீர்வள ஒழுங்குமுறை ஆணையம் இருக்கிறது. நிலத்தடி நீருக்கென 2003-இல் இயற்றிய தமிழ்நாட்டுச் சட்டமும் 2013-இல் நீக்கப்பட்டுவிட்டது. மூடி முத்திரையிட்ட கேனுக்கு உணவுப் பாதுகாப்பு உரிமம் வேண்டும்; 2024 வரை தர முத்திரையும் கட்டாயமாக இருந்தது. குழாயில் பிடித்துச் செல்லும் தண்ணீரை அந்த வலை பிடிப்பதில்லை.

அப்படியானால் மிஞ்சுவது ஒப்பந்தம் ஒன்றே. ஒப்பந்தத்தில் எண் இல்லை. ஒப்பந்ததாரரின் வழக்குரைஞர் எழுதிய பதிலைப் படித்தபோது, அதன் கூர்மையை ஒப்புக்கொள்ள வேண்டியிருந்தது. இந்தியக் குடிநீர்த் தரம் ஐ.எஸ். 10500, கரைந்த திடப்பொருளின் ஏற்கத்தக்க அளவாக லிட்டருக்கு 500 மில்லிகிராமும், வேறு நீராதாரம் இல்லாத இடத்தில் அனுமதிக்கத்தக்க அளவாக 2,000-உம் சொல்கிறது. எனவே 940 தரமான குடிநீரே என்றார் அவர். எட்டு நாளைக்கு ஒருமுறை வரும் ஆற்று நீர் “வேறு நீராதாரம்” ஆகுமா, ஆகாதா? இதை முடிவு செய்ய வேண்டியவர் செயல் அலுவலர். அதாவது வாடகை வாங்கும் தரப்பு. ஆண்டுக்கு 2,40,000 ரூபாய் வருமானம் தரும் குத்தகைதாரர்மேல் அவர் எப்படிக் கடுமை காட்டுவார்? 2021 இறுதியில் கொடுத்த மனுவுக்கு “ஒப்பந்ததாரருக்குத் தக்க அறிவுரை வழங்கப்பட்டது” என்ற ஒரு வரிப் பதில் வந்தது. அன்று எனக்கு வந்த கோபம் இன்னும் முழுதாகத் தணியவில்லை.

மன்றம் வந்த பின், 2022

2022 மார்ச்சில் புதிய மன்றம் பொறுப்பேற்றது. இரண்டாம் கூட்டத்திலேயே உறுப்பினர்கள் பலர் ஒப்பந்தத்தை ரத்து செய்யச் சொன்னார்கள். தலைவர் பொறுமைசாலி, ஐவர் குழு அமைத்து மூன்று மாத அவகாசம் தந்தார். பெண் உறுப்பினர் இருவர், ஓய்வு பெற்ற கணக்கர் ஒருவர், வழக்குரைஞர் ஒருவர், நான்.

ரத்து வேண்டாம் என்று பரிந்துரைத்தோம். அதற்காக ஊரில் எங்களைத் திட்டாதவர் குறைவு. எங்கள் காரணம் இது: பத்து ஆண்டு முடியும்வரை இயந்திரம் ஒப்பந்ததாரருடையது. நடுவில் நிறுத்தினால் அதற்கு என்ன விலை தருவது என்று ஒப்பந்தம் சொல்லவில்லை. பூட்டுப் போட்டு வழக்குக்குப் போனால் வழக்கு முடியும்வரை ஊர் மீண்டும் முப்பது ரூபாய்க் கேனுக்குத் திரும்பும். “செயல் அலுவலரின் முடிவே இறுதி” என்ற வரியும் எங்களைக் காப்பாற்றாது. ஒரு தரப்பே நடுவராக அமர்வதை 2015-இல் திருத்திய நடுவர் சட்டம் ஏற்பதில்லை என்று எங்கள் வழக்குரைஞர் எடுத்துச் சொன்னார்.

வாடகையைக் குறைக்கலாம் என்றேன் நான். கணக்கர் தடுத்தார், அவர் சொன்னதுதான் சரி. வாடகையை வைத்து வென்றவருக்கு வென்ற பிறகு வாடகையைக் குறைத்தால், 1,50,000 கேட்டுத் தோற்றவர் நாளையே நீதிமன்றம் போவார். 1998-ஆம் ஆண்டின் ஒப்பந்தப்புள்ளி வெளிப்படைத்தன்மைச் சட்டம் அவர் பக்கம் நிற்கும். பிறகு அவரே ஒரு வழியும் கண்டார். வாடகை முழுதாக வரட்டும். ஆனால் பொதுக் கணக்கில் கலக்காமல் தனிக் கணக்கில் வைத்து, அந்த நிலையத்தின் கொள்ளளவைப் பெருக்கவே செலவிடுவோம். வாங்கும் பொருள் பேரூராட்சியின் சொத்தாகவே இருக்கும். 5,000 லிட்டர் தொட்டியும் கூடுதல் பம்பும் அப்படித்தான் வந்தன. பிற்பகலில் நிரப்பி வைத்தால் மாலை நெரிசலை அது தாங்கும். வால்வைத் திறக்கத் தேவையே இராது.

அதற்குள் ஒப்பந்ததாரர் தரப்பிலிருந்து ஒரு மனு. 2022 செப்டம்பர் 10 முதல் மின்கட்டணம் உயர்ந்தது. கேன் 10 ரூபாய் ஆக வேண்டும் என்றார். மன்றத்தில் கூச்சல். ஆனால் அவர் கேட்டதில் நியாயமும் இருந்தது. 2018-இன் ஐந்து ரூபாயில் 2028 வரை நடத்து என்று எழுதியதே தவறு. பேச்சுவார்த்தை ஏழு மாதம் நீண்டது. இறுதியில் விலை 7 ரூபாய். இனி மின்கட்டணம் உயர்ந்தால், கேன் ஒன்றுக்கு ஆகும் யூனிட் கணக்கைப் பார்த்து அந்தப் பங்கு மட்டும் உயரும். மன்றத்தில் கணக்கைப் படித்துக் காட்டிய பிறகே.

இரண்டு ரூபாய் உயர்வுக்கு ஈடாக நாங்கள் கேட்டது ஓர் எண். எந்த வேளையில் பிடித்தாலும் 500-க்கு மேல் போகக் கூடாது. மீறிய நாளுக்கு அபராதம். அளப்பது பேரூராட்சியும் அல்ல, ஒப்பந்ததாரரும் அல்ல. மகளிர் சுய உதவிக் குழு ஒன்று. மூன்று வேளை அளந்து, வாசல் கரும்பலகையில் சாக்பீஸால் எழுத வேண்டும். மூன்று மாதத்துக்கு ஒருமுறை மாவட்டக் குடிநீர்ப் பரிசோதனைக் கூடத்தில் முழுச் சோதனை. திருத்த ஒப்பந்தம் 2023 ஆடி மாதம் கையெழுத்தானது.

கழிவு நீர்

இதை நாங்கள் தாமதமாகத்தான் கவனித்தோம். ஆர்.ஓ. இயந்திரம் ஒரு லிட்டர் நல்ல நீர் தரும்போது கிட்டத்தட்ட இன்னொரு லிட்டரை, உப்பை எல்லாம் சேர்த்துக்கொண்டு, வெளியே தள்ளுகிறது. ஐந்து ஆண்டுகளாக அது சாலையோர வாய்க்காலில் ஓடித் தெற்கே ஒரு தோட்டத்து ஓரம் தேங்கியிருந்தது. அந்தத் தோட்டத்து முருங்கை இலைகளின் ஓரம் தீய்ந்திருந்ததைக் குழுவிலிருந்த பெண் உறுப்பினர் ஒருவர்தான் முதலில் பார்த்தார். அந்தத் தோட்டத்துக் கிணற்று நீரை அளந்தபோது 3,400. ஒப்பந்தத்தில் கழிவு நீர் என்ற சொல்லே இல்லை. இப்போது அது குழாய் வழியாகப் பஸ் நிலையக் கழிப்பறைத் தொட்டிக்குப் போகிறது. தோட்டக்காரருக்கு இழப்பீடு என்று எதுவும் தரப்படவில்லை. தர வழி கண்டிருக்க வேண்டும்.

2023 டிசம்பர்

டிசம்பர் 17, 18 தேதிகளில் பெய்த மழையை இந்தச் சீமையில் யாரும் மறக்க மாட்டார்கள். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர். தாமிரபரணி வெள்ளத்தில் ஆற்றுக்குள் இருந்த குடிநீர்க் கிணறுகளும் குழாய்களும் சேதமடைந்தன. எங்கள் ஊருக்கு ஆற்று நீர் பதினாறு நாள் வரவில்லை. மின்சாரம் மூன்று நாள் இல்லை.

ஜெனரேட்டர் பற்றித் திருத்த ஒப்பந்தத்தின்போது பேசினோம். யார் செலவு என்பதில் உடன்பாடு வராததால், பின்னர் பார்க்கலாம் என்று விட்டுவிட்டோம். அந்தத் தீர்மானத்தில் என் கையெழுத்தும் இருக்கிறது.

19-ஆம் தேதி காலை ஒப்பந்ததாரர் கல்யாணப் பந்தல்காரர் ஒருவரிடம் ஜெனரேட்டர் வாடகைக்கு எடுத்து, டிராக்டரில் ஏற்றி, இடுப்பளவு தண்ணீரைத் தாண்டிக் கொண்டுவந்தார். யாரும் அவரைக் கேட்கவில்லை. நான்கு நாள் கட்டணமில்லாமல் தண்ணீர் கொடுத்தார். ஒரு வீட்டுக்கு இரண்டு கேன். எங்கள் ஐவரில் அவரை மிகக் கடுமையாகப் பேசிய பெண் உறுப்பினர்தான் வரிசையை ஒழுங்குபடுத்தினார். அந்த நான்கு நாளும் அளவு 150-ஐத் தாண்டவில்லை.

டீசலுக்கும் வாடகைக்கும் 38,000 ரூபாய் ஆனது. ஒப்பந்தத்தில் இடம் இல்லாத செலவு என்று தணிக்கைத் தடை எழுந்தது. பணம் அவர் கைக்கு வர ஐந்து மாதம் ஆனது. இனி ஒருமுறை இப்படி நேர்ந்தால் அவர் யோசிப்பார் என்பது எனக்குத் தெரியும். அதைத் தவறென்று சொல்லவும் மாட்டேன்.

மீண்டும் செய்வதானால்

2028-இல் இந்த ஒப்பந்தம் முடிகிறது. அடுத்த ஒப்பந்தப்புள்ளிக்கு இப்போதே வரைவு எழுதி மன்றத்திடம் கொடுத்திருக்கிறோம். முதல் மாற்றம் தேர்வு முறையில். வாடகை ஒரு ரூபாய் என்று நாமே எழுதிவிடுவது. சொன்ன தரத்தில் யார் குறைந்த விலைக்குத் தண்ணீர் தருகிறாரோ அவருக்கு ஒப்பந்தம். பேரூராட்சிக்கு 2,40,000 வருமானம் போகும். அது ஊராரின் குடத்திலிருந்து எடுத்த பணம், போகட்டும்.

ஒப்பந்தப்புள்ளிக்கு முன் தேவையை எண்ண வேண்டும். நாள் கணக்காக அல்ல, மணிக் கணக்காக. 2018-இல் நாளைக்கு இத்தனை லிட்டர் என்று பார்த்தார்கள், அது போதுமானதாகவே இருந்தது. மாலை மூன்று மணி நேரத்தில் அது உடைந்தது. தர எண், விலை மாறும் வழி, கழிவு நீர் போகும் இடம், நடுவில் பிரிந்தால் இயந்திரத்துக்கு மதிப்பீடு, பேரிடர் நாளின் செலவு ஆகியவை எல்லாம் முதல் நாளே எழுத்தில் இருக்க வேண்டும். மன்றம் இல்லாத காலத்தில் பத்து ஆண்டு ஒப்பந்தம் எதையும் தனி அலுவலர் ஒருவராகப் போடக் கூடாது. போட்டே ஆக வேண்டுமென்றால், மன்றம் வந்த ஆறு மாதத்தில் மறுபரிசீலனை என்ற விதி வேண்டும். தகராறு தீர்ப்பவர் மாவட்டத்துக்கு வெளியே இருக்க வேண்டும் என்று நான் எழுதியிருந்தேன். குழுவில் மற்றவர்கள் ஏற்கவில்லை. சிறிய ஊருக்கு அது கட்டுப்படியாகாது என்றார்கள். ஐந்தாறு பேரூராட்சிகள் சேர்ந்து ஒரு நடுவரை வைத்துக்கொண்டால் கட்டுப்படியாகும் என்றே இன்றும் நினைக்கிறேன்.

திருத்த ஒப்பந்தத்துக்குப் பிறகான முதல் ஆண்டில் 500-ஐத் தாண்டிய நாட்கள் நான்கு. மூன்று சவ்வு மாற்றத் தாமதித்ததால்; ஒன்று பம்பு பழுதால். நான்குக்கும் அபராதம் வசூலானது. கேன் விற்பனை 450-இலிருந்து 420 ஆனது. 7 ரூபாய் கொடுக்க முடியாமல் விலகிய வீடுகள் அதில் எத்தனை என்று நாங்கள் கணக்கெடுக்கவில்லை, எடுத்திருக்க வேண்டும்.

2024 கார்த்திகையில் அளவெடுக்கும் பெண் தங்கை கல்யாணத்துக்காக ஊருக்குப் போயிருந்தார். மாற்று ஆள் ஏற்பாடு செய்யவில்லை. கரும்பலகை ஐந்து நாள் வெறுமையாக இருந்தது. நான் உட்பட யாரும் கேட்கவில்லை. ஆறாம் நாள் மாலை, வரிசையில் நின்ற பீடி சுற்றும் அம்மாள் ஒருவர் குடத்தைக் குழாய்க்கு அடியில் வைக்காமல் இடுப்பிலேயே வைத்துக்கொண்டு, “பலகையில் ஏன் எழுதவில்லை? அந்தப் பேனாவை எடுத்து வந்து முக்கிக் காட்டு, பிறகு பிடிக்கிறேன்” என்றார். பின்னால் நின்றவர்கள் முணுமுணுத்தார்கள். இளைஞர் உள்ளே போய் மீட்டரை எடுத்து வந்தார். 132 காட்டியது. அதைச் சாக்பீஸால் பலகையில் எழுதிய பிறகே குடம் இறங்கியது.